மாமனின் இடது கை

அத்தியாயம் – 17

இலக்கியாவுக்கு அன்றைக்கு ஒரு கை தேவைப்பட்டது. தன்னுடையது அல்ல. ஊசி குத்திக்கொள்ளச் சம்மதிக்கிற இன்னொருவருடைய கை.

சேலத்தில் கைகளுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் டவுன் பஸ் கம்பியைப் பிடிக்கிற கைகளை மட்டும் எண்ணினாலே தமிழ்நாட்டின் ஜனத்தொகை வந்துவிடும். ஆனால் டயாலிசிஸ் தேர்வுக்கு எல்லாக் கையும் ஆகாது. முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்து, கயிறு மாதிரிப் புடைத்திருக்கிற கையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கைக்காரர்கள் அவள் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு முப்பது பேர் வந்துபோகிறார்கள். முப்பது பேரும் ஒரே குரலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இப்படி ஓர் ஒற்றுமையைப் பார்க்க முடியாது.

காரணம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்கள் முருகானந்தத்தின் இடது கையைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். முருகானந்தம் இலக்கியாவின் தாய்மாமன். சேந்தமங்கலத்துக்காரர். இருபது வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டவர். இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. மருமகள் டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் படிக்கிறாளே என்ற பெருமையில் சேலத்துக்கே வந்து அவளிடமே கையை நீட்டினார். அவள் குத்திய ஊசி ரத்தக்குழாயின் உள்ளே நிற்காமல் அடுத்த பக்கம் போய்விட்டது. கை வீங்கியது. கொல்லிமலைப் பலாப்பழத்தைத் தோளில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி என்று அவர் மனைவி சௌந்திரம் ஊரெல்லாம் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் பலாப்பழம் ஒரு சுற்றுப் பெருத்தது. அன்றோடு அவரை நாமக்கல்லில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டாள்.

வீக்கம் வடிந்துவிட்டது. கை பழையபடி ஆகிவிட்டது. இலக்கியாதான் பழையபடி ஆகவில்லை.

அழவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. பனமரத்துப்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறினாள். மெஷினைக் கழுவினாள், குழாய் மாட்டினாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அம்மா திட்டினால் திட்டு முடியும்வரை நின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். மற்றதையெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். இதைக் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குள் எதுவுமே நடக்கவில்லை.

இன்று கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. ஒரு நோயாளியை எடை பார்த்து, மெஷினைத் தயார் செய்து, இரண்டு ஊசி குத்தி, ஓட்டி, முடித்து எழுப்ப வேண்டும். கை கொடுக்க ஆள் வராவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் அடுத்த அணியோடு ஆறு மாதம் கழித்துத்தான்.

"யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார் பயாஸ். அந்தப் பிரிவின் தலைமை டெக்னீஷியன். தேர்வு நாளில் உதவி செய்யக் கூடாது என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதையாவது தொட்டுவிடுவோமோ என்று அந்தக் கைகளின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை.

"தெரியலைங்க சார்."

"உங்க மாமாகிட்டக் கேட்டியா?"

"கேக்கலைங்க."

"ஏம்மா?"

"கேக்கணும்னு தோணலைங்க."

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு முருகானந்தமே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. நோயில் இளைத்துப்போன உடம்பு. சட்டைக்குள் இன்னும் இரண்டு முருகானந்தம் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"என்ன அம்மிணி அப்படிப் பாக்கற? போர் போட ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். வந்துட்டேன்."

"அத்தைக்குத் தெரியுமா மாமா?"

"அவகிட்டக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டேன். பொய்யில்ல. விடியறதுக்கு முன்னாடியே குலதெய்வத்தப் பாத்துப்போட்டுத்தான் பஸ் ஏறினேன்."

"நாமக்கல்லுல உங்க முறை நேத்தே வந்திருக்கணுமே."

"போகல. ஒரு கை ரெண்டு ஊருக்கு எப்படிப் பத்தும்? உனக்காகப் பத்திரமா வெச்சிருந்தேன்."

இலக்கியா தலையசைத்தாள். வேறொரு பெண்ணாக இருந்தால் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இவள், "எடை பாக்கணும், வாங்க மாமா" என்றாள்.

டயாலிசிஸில் எடைதான் எல்லாம். சிறுநீர் போகாதவர் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். உபரித் தண்ணீர் இல்லாதபோது ஒருவர் எடை என்ன, இன்றைக்கு என்ன என்று கழித்துப் பார்த்து, கூடியிருக்கிற அளவைத்தான் மெஷின் இழுக்க வேண்டும். முருகானந்தத்தின் சொந்த எடை ஐம்பத்தெட்டு. வழக்கமாக இரண்டு கிலோ ஏறி வருவார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு, எடைமேடையில் ஏறினார். முள் அறுபத்தொன்றரையில் நின்றது.

மூன்றரைக் கிலோ கூடுதல்.

இலக்கியா குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. வீக்கமே இல்லை. நிமிர்ந்தபோது அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்ததும் கண்ணில் பட்டது. ஒருநாள் தள்ளிப்போனதால் எடை ஏறியிருக்கும் என்று கணக்கு ஒரு பக்கம் சொன்னது. ஏறினதாகக் கால் சொல்லவில்லை. இரண்டையும் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். மூன்றரை என்று மெஷினில் போட்டாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அபிநயா அந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சிரிப்பு என்பது தேர்வு விதிகளுக்கு எதிரானது என்று எங்கோ படித்தவர் மாதிரியான முகம்.

"அடுத்தது ஊசி. பண்ணுங்க."

பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். அசையக் கூடாத கைகளை அசைக்காமல் மற்ற எல்லாவற்றையும் அசைத்துத் திரும்பிக்கொண்டார்கள். மெஷின்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்ததாகப் பயாஸ் பின்னால் சொல்லுவார்.

"பாயிண்ட் பாத்தாச்சா அம்மிணி?" என்றார் மாமன்.

"பாக்கறேன் மாமா."

"பழைய குழிகிட்ட வேண்டாம். அது ஃபெயிலான போரு. ரெண்டு விரக்கடை தள்ளிப் போடு. நானும் அப்படித்தான் பண்ணுவேன். தோட்டத்துக்காரன் அழுவான், நான் அழுவ மாட்டேன்."

இலக்கியா விரலை வைத்தாள். தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலில் தெரிந்தது. சாய்வு, ஆழம், திசை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி. முதல் ஊசி உள்ளே போனது. குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டாவதும் போனது. கை நடுங்கவே இல்லை. இரும்பில் செய்த கை. ஆசியா கண்டத்திலேயே இவ்வளவு நேர்த்தியாக யாரும் குத்தியிருக்க மாட்டார்கள்.

"அட, போட்டதே தெரியல. தண்ணி வந்துருச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையாகச் சொன்னார் முருகானந்தம். "எம்பட அக்கா புள்ள."

இலக்கியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளப் போனாள்.

இரண்டாம் மணி நேரத்தில் மாமன் ஒரு கொட்டாவி விட்டார். சற்று நேரத்தில் இன்னொன்று.

மூன்றாவது கொட்டாவிக்கு இலக்கியா திரும்பினாள். டயாலிசிஸ் கட்டிலில் கொட்டாவி தூக்கத்துக்கு அல்ல என்பது முதல் வருடப் பாடம். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா."

"கால்... கால் இழுக்குது சாமி." கெண்டைக்கால் கல்லாக முறுக்கிக்கொண்டது. ரிக் வண்டியின் இரைச்சலில் இருபது வருடம் கத்திய மனிதரின் குரல் இப்போது எறும்புக்குக்கூடக் கேட்காது.

ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது.

அவள் கத்தவில்லை. தண்ணீர் இழுப்பதை நிறுத்தினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினாள். சலைன் பாட்டிலைத் திறந்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். கால்மாட்டுக்குப் போய் அவர் பாதத்தை மேல்நோக்கி மடக்கி அழுத்திப் பிடித்தாள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, சட்னி அரைக்கிற நிதானத்தில் நடந்தன.

பாதத்தைத் தூக்கியபோது போர்வைக்குள்ளிருந்து ஒரு வாழைப்பழம் உருண்டு வந்தது.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் துண்டில் கட்டிய மூட்டை முழுதாக நழுவி அவிழ்ந்தது. ஒரு சீப்புப் பழம், இரண்டு தேங்காய் மூடி, பூ, திருநீற்றுப் பொட்டலம். சேந்தமங்கலம் சந்தையே கட்டிலில் கடை விரித்துவிட்டது.

பயாஸ் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாழைப்பழமும் தேங்காயும் டயாலிசிஸ்காரர்கள் கண்ணால் பார்ப்பதையே அவர் விரும்பமாட்டார். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். கதவிலேயே சோதனை போட்டுப் பிடுங்கிவிடுகிறவர்.

"பெரியவரே, என்னங்க இது?"

"கீழ போட்டுராதீங்க சாமி... பிரசாதம்" என்றார் மாமன், கண்ணைத் திறக்காமல்.

"மாமா, எடை பாக்கறப்ப இது எங்க இருந்துச்சு?"

"இடுப்புல... சட்டைக்குள்ள கட்டியிருந்தேன்."

"ஏன் மாமா?"

"பயாஸ் தம்பி புடுங்கிப்போடுவாருன்னுதான். செருப்பு விடற எடத்துல வெக்க முடியுமா, சாமி குத்தமாயிரும். பிரசாதத்தைக் கொண்டாந்தாத்தான் கோயிலுக்குப் போனேன்னு நம்புவேன்னு உங்கத்தை சொல்லிப்போட்டா."

ஒன்றரைக் கிலோ பக்தி. அத்தனையையும் மாமனின் உடம்பிலிருந்து தண்ணீராக இழுக்கச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை போயிருக்கிறது.

"இன்னொண்ணு அம்மிணி. உனக்கு வேலை சுளுவா இருக்கட்டும்னு நேத்துப் பொழுதோட இருந்து நான் தண்ணியே குடிக்கல."

இலக்கியா பாதத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். சலைன் இறங்க இறங்க அழுத்தம் மெல்ல ஏறியது. முறுக்கிய கால் தளர்ந்தது. மாமன் கண்ணைத் திறந்து முதல் வேலையாகப் பழங்களைச் சரிபார்த்தார். இனித் தண்ணீர் எடுக்காமல் ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்து முடிக்கலாம் என்றார் டாக்டர்.

தேர்வாளர் அபிநயா அவளை ஜன்னல் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"அவர் மறைச்சுட்டார். அது அவர் தப்பு. நீங்க சமாளிச்ச விதம் சரி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கறேன். எடை பார்த்தப்போ உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாளின் முகம் அந்தப் பதிலைத் தட்டில் வைத்துத்தான் நீட்டியது. தூரத்தில் பயாஸ் கண்ணாலேயே மன்றாடினார்.

"கால்ல வீக்கம் இல்லைன்னு பார்த்தேங்க. உதடு காஞ்சிருந்துச்சு. எடை மட்டும் கூட இருந்துச்சு. ரெண்டும் ஒத்துப் போகலைன்னு தெரிஞ்சுதுங்க மேடம்."

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை? பதற்றமா?"

"இல்லைங்க. பதற்றம்கூட இல்லை. ஒண்ணுமே தோணலைங்க."

அபிநயா காலையில் குறித்த எண்ணை அடித்தார்.

"இந்த முயற்சி செல்லாது" என்றார். "மதியம் வர்ற அணியில் இன்னொரு நோயாளி கை கொடுத்தா ஆரம்பத்திலிருந்து மறுபடி பண்ணலாம். நான் நாலு மணிக்குக் கிளம்பணும், அதுக்குள்ள ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பிச்சாப் போதும்."

"சரிங்க மேடம்."

சரிங்க. பஸ் நடத்துனர் சில்லறை இல்லை என்று சொன்னால் சொல்கிற சரிங்க.

இந்த நேரத்தில்தான் சௌந்திரம் வந்து சேர்ந்தாள்.

கோயிலுக்குப் போன மனிதரைக் காணோமென்று பூசாரிக்குப் போன் போட்டு, அவர் சேலம் பஸ் ஏறியதை அறிந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். அவள் வாசலில் நுழைந்தபோது ஏற்காடு மலை ஓர் அடி பின்னால் நகர்ந்ததாகக் கேள்வி.

வெளுத்துக் கிடந்த புருஷனைப் பார்த்தாள். கால்மாட்டில் நின்ற இலக்கியாவைப் பார்த்தாள்.

"யாரு பண்ணுன வேலை இது?"

"நாந்தான்" என்றார் முருகானந்தம்.

"நாந்தான் அத்தை" என்றாள் இலக்கியா.

"ரெண்டு பேரும் ஏலம் எடுக்கறீங்களா? என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லுங்க."

இலக்கியா சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிரசாதம், சட்டைக்குள் கட்டிய துண்டு, எடை, கொட்டாவி. தான் பார்த்தும் கேட்காமல் விட்டது. அதைத் தேர்வாளரிடம் ஒப்புக்கொண்டது. தேர்வு செல்லாமல் போனது, மறுபடி பண்ண இன்னொரு கை தேவைப்படுவது.

சௌந்திரம் வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் வாழ்க்கையில் திறந்த வாய் வெறுமனே மூடியது அதுதான் முதல் தடவை என்று முருகானந்தம் சத்தியம் செய்வார். கட்டில் ஓரத்தில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தாள்.

"பிரசாதத்தோட வந்தாத்தான் ஊட்டுக்குள்ள உடுவேன், வழியில எங்கியும் கீழ வெக்கக் கூடாதுன்னு சொன்னது நானு."



"அப்ப மூணு பேரும்" என்றார் முருகானந்தம் மெல்ல.

"நீங்க சும்மா படுங்க." துண்டை உதறி மடித்தாள். "ஏம்புள்ள, மறுபடி கை குடுக்க ஆள் வேணும்னாங்களா?"

"ஆமாங்க அத்தை. மதிய அணியில. யாரும் வர மாட்டாங்க."

"எதுக்கு வர மாட்டாங்க? இந்தாளு கை வீங்குனத ஊரெல்லாம் சொன்னவ நாந்தான? அதே வாய் இங்கதான் இருக்குது."

நடைபாதையில் மதிய அணியினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சௌந்திரம் அங்கே போய் நின்றாள். கோழிச்சந்தையில் விலை பேசுகிறவளுக்கு நடைபாதை என்ன, மருத்துவக் கல்லூரி என்ன.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரருக்குக் காலைல இந்தப் புள்ளதான் ரெண்டு ஊசியும் போட்டுச்சு. வந்து பாருங்க, கையில ஒரு சிவப்புக்கூட இல்ல."

"அப்ப அவுரு ஏன் மயங்கிக் கெடந்தாரு?" என்றார் ஒருவர்.

"அது தேங்காயால. ஊசியால இல்ல."

"பலாப்பழம்னு சொன்னது நீதானம்மா" என்றாள் ஆத்தாயி. அம்மாபேட்டைக்காரி. முப்பது பேரும் மாட்டேன் என்றதற்குத் தலைமை தாங்கியவள். "படிக்கிற புள்ளைங்க பழகறதுக்கு என் கை என்ன பஞ்சு மெத்தையா?"

"பலாப்பழம்னு கொஞ்சம் கூடச் சொல்லிப்போட்டேன். மாங்கா அளவுதான்."

"மாங்காயா?"

"சரி, எலுமிச்சங்கா."

ஆத்தாயி சிரிக்கவில்லை. "புள்ள தப்புப் பண்ணிடுச்சுன்னு உள்ள சொன்னாங்களே."

"எடை தப்புன்னு தெரிஞ்சும் கேக்காம விட்டுட்டேன்னு தன் வாயாலயே அந்தப் பரீட்சைக்கார அம்மாகிட்டச் சொல்லிருச்சு. இல்லீன்னா இந்நேரம் பாஸு."

"அதுவா சொல்லுச்சா?"

"அந்தம்மா கேட்டாங்க. இது சொல்லுச்சு."

"கேட்டா மட்டும் யாரு சொல்றா?" ஆத்தாயி தன் புடவைத் தலைப்பை விலக்கிவிட்டு, கையை முழங்கைவரை காட்டினாள். "போன வருசம் ஒரு ஆஸ்பத்திரியில என் கையைக் கெடுத்தாங்க. ஒருத்தரும் நான்னு சொல்லல. என் ரத்தக்குழாய் சரியில்லையாம். எங்க அந்தப் புள்ள? வந்து பாக்கச் சொல்லு."

இலக்கியா வந்தாள். ஆத்தாயியின் கை மெலிந்திருந்தது. பழைய ஆபரேஷன் தழும்பு ஒன்று, ஊசிக் குழிகள் நெடுக. ரத்தம் ஓடுகிற வழி வளைந்து, நெளிந்து, ஓரிடத்தில் ஆழத்துக்குப் போய்க் காணாமல் போனது. மாமனின் கை ஏரிக்கரைத் தார் ரோடு என்றால் இது கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவு.

"இதான் கடைசிக் கை" என்றாள் ஆத்தாயி, ஏதோ கடையில் மீதமிருக்கிற துணியைக் காட்டுகிற மாதிரி. "இதுவும் போச்சுன்னா கழுத்துலதான் குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாத்துப் போடு, சாமி."

இலக்கியா அந்தக் கையின் மேல் விரலை வைத்தாள்.

வைத்த விரல் ஆடியது. அவள் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு ஆடியது. காலையில் மாமனின் முகம் வெளுத்தது, உருண்ட பழம், தண்ணியே குடிக்கல என்று அவர் சொன்னது, அதற்கு முன்னால் நீலமாக வீங்கிய கை, எல்லாம் இப்போதுதான் நடப்பதுபோல ஒன்றாக வந்து இடித்தன. இத்தனை வாரம் எங்கே போயிருந்ததோ அந்தப் பயம், மொத்தமாக அவள் கைக்குள் இறங்கிவிட்டது.

"என்ன புள்ள, கை இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்லைங்க பாட்டி. நீங்க வாங்க. எடை பாக்கலாம்." சொன்னவள் நின்றாள். "மடியில என்ன வெச்சிருக்கீங்க, காட்டுங்க."

ஆத்தாயி வெற்றிலைப் பையை எடுத்து சௌந்திரத்திடம் கொடுத்தாள். இலக்கியா அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறை எடை பார்த்தாள். மெஷினில் எண்ணைப் போடும்போது விரல் தப்பான பொத்தானில் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஆத்தாயி கட்டிலில் படுத்துக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். இலக்கியா ஊசியின் உறையைக் கழற்றினாள். முனை காற்றில் துடித்தது.

"ஆரம்பிங்க" என்றார் அபிநயா.